ஏலம்

ஜலகண்டாபுரம் நிறுத்தத்தில் நடத்துனர்
சேலம் சேலம் சேலம் என்று கூவும்போது
அர்த்தநாரிக்குக் கேட்பது
ஏலம் ஏலம் ஏலம்.

முப்பத்தோரு வருடம் விசைத்தறி.
அவருடைய ‘ச’வைத் தறி எடுத்துக்கொண்டது.
சம்பளம் அம்பளம் ஆகிவிட்டது,
சத்தமே அத்தம்.
மனைவி செங்கமலம் எங்கமலம் ஆனாள்,
அதில் ஒன்றும் நஷ்டமில்லை என்கிறார்.

தொலைந்த அந்த ‘ச’வைத் தேடும் வேலையில்
நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன்.

பட்டாணி அளவு நத்தைக்கூடு,
உள்ளே பதினைந்தாயிரம் மயிரணுக்கள்.
ஃபேர்லேண்ட்ஸில் வீடு பார்க்கப் போனபோது
என்ன ஆராய்ச்சி என்றார் உரிமையாளர்.
மயிரணு என்றேன்.
வாடகை ஆயிரம் ஏறியது.

இத்தனைக்கும் அது மயிர் இல்லை.
மயிராவது வெட்டினால் வளரும்.

கறிக்கடைக் கூண்டில் முறை வரக் காத்திருக்கும்
கோழிக்குக்கூட அது செத்தால் திரும்ப முளைக்கும்.
என் தொட்டியின் வரிமீனுக்கு மூன்றே நாள்.
பால் குடித்து வளர்ந்தவற்றுக்கு மட்டும்
கொடுத்தது கொடுத்ததுதான்.
ஏன் என்பதுதான் என் உத்தியோகம்.

ஆய்வகம் கருப்பூர்ப் பக்கம்.
ஜன்னலில் வெள்ளைக்கல் மேடுகள்.
அந்தக் கல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கை
நம் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் இருக்கிறாள்,
பொடிப்பொடியாக,
நிற்பதா சாய்வதா என்று சொல்லிக்கொண்டு.

போன மார்கழியில் ஏற்காட்டில் மாநாடு.
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் இறங்கி
ஒரு பறவையை அண்ணாந்து பார்த்தேன்.
என் கல் இடம் பெயர்ந்தது.
சேர்வராயன் மலை மொத்தமும்
இடமிருந்து வலமாக ஓடத் தொடங்கியது.

எனக்கு நோயின் பெயர் தெரியும்,
எந்தக் கால்வாய் என்றும் தெரியும்,
எட்டு கட்டுரை எழுதியிருக்கிறேன்.
சாலையோரச் சுவரில் மல்லாந்து படுத்து
தலையைத் தொங்கவிட்டு, திருப்பி, எண்ணி,
மறுபடி திருப்பினேன்.
இரண்டு குரங்குகள் கூர்ந்து கவனித்தன.
ஓட்டுநர் விபூதி எடுத்து வந்தார்.
மலை நின்றது.
பூசிக்கொண்டேன்; அவருக்கும் ஒரு பங்கு வேண்டாமா.

அப்புறம் அந்த இரவு.
மணி இரண்டே நாற்பது.
எலிக்குஞ்சின் நத்தையில்
முந்தாநாள் இல்லாத ஒரு பச்சைப் புள்ளி.
ஆக்னஸை எழுப்பி எண்ணச் சொன்னேன்.
ஒன்று என்றாள்.
மறுபடி எண்ணச் சொன்னேன்.
மேடம், ஒன்றை எத்தனை தடவை எண்ணுவது?

வீடு எழும்பிவிட்டது,
மின்சாரம் மட்டும் வரவில்லை.
எந்த நரம்பும் அதைத் தேடி வரவில்லை
ஐந்து வருடமாக,
அதற்குப் பின் முளைத்த மூன்றையும்.

சோதனைக்கு வந்த அர்த்தநாரி
ஒலிபுகா அறையிலிருந்து வெளியே வந்ததும் கேட்டார்:
எப்பம்மா வரும் மருந்து?

‘சீக்கிரம்’ என்று வைத்திருந்தேன்.
‘ச’வில் தொடங்கும் பொய்,
அவருக்குப் பாதிதான் போய்ச்சேரும் என்பதில்
ஒரு நொடி நிம்மதிகூட இருந்தது.
அவரோ என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நூறு தறி அலறும் கூடத்தில்
உதட்டைப் படித்தே குடும்பம் நடத்தியவர்.

தெரியலீங்க, என்றேன்.
தலையாட்டினார்.
நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தார்.
இதுவா?
இது எலியோடது.
எலிக்குக் கேக்குதா?
இன்னும் இல்ல.
சிரித்தார். பாவம், என்றார்,
எலியையா என்னையா தெரியாது.

பயணப்படி நூற்றைம்பது ரூபாய்,
படிவத்தில் மனைவி பெயர் என்று ஒரு கோடு.
பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார்.
அவர் போனபின் தாளைத் திருப்பினேன்.
அடுத்த பக்கத்தில், அதற்கடுத்ததிலும்
மையில்லாமல் பதிந்திருந்தது
செங்கமலத்தின்
செ.